பதினோராம் நிமிடம்

முரசை அங்கே வைத்தது நான்தான்.
பதினோராம் நிமிடம், நாற்பதாவது நொடி.
கறுத்த நீரின்மேல் கேமரா சாயும்போது
தும்… தும்… என்று,
புதைத்தவன் உள்ளிருந்து தட்டுவதுபோல.

குரலை பெர்கனில் வாடகைக்கு எடுத்தோம்.
மெத்தை விளம்பரத்தில் தாலாட்டுகிற அதே குரல்.
எங்களுக்காகக் கொஞ்சம் சரளைக்கல் மென்றுகொண்டது.
"இது தற்செயல்தானா?" என்றது.
"யாருக்கு லாபம்?" என்றது.
கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே
ஒரு லாரி திரும்பும் அளவு இடம்.

ஸ்கார்விகா, மீனவர் சங்கக் கூடம்.
பிப்ரவரி. மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
அறுபது மடக்கு நாற்காலி, காபிக் குடுவை,
ஈரக் கம்பளி மணம்.
இரண்டாவது "யாருக்கு லாபம்?" வந்தபோது
பின்வரிசையில் ஒருவன்
"என் மச்சானுக்கு!" என்றான்.

அவ்வளவுதான்.
சிவப்பு வட்டம் விழுந்தது, சிரித்தார்கள்.
அம்புக்குறி ஓடியது, சிரித்தார்கள்.
முரசு வருமுன்பே
யாரோ தொடையில் தும் தும் என்று தட்டினார்கள்.
அந்தச் சிரிப்பின் வால் நீண்டு
அடுத்த காட்சியில்
ஊட்வாரின் தட்டில் வெள்ளைக் கண்ணோடு கிடந்த
கெளிறு மீன்கள்மேல் விழுந்தது.
மூன்றாம் வரிசையில் இருந்த ஊட்வார்
தொப்பிக்குள் எதையோ தேடினார்.

பிறகு சுரங்கத்தின் பொறியாளர் திரையில் வந்தார்.
பின்னல் ஸ்வெட்டர், தணிந்த பேச்சு.
"அளந்துகொண்டுதான் இருக்கிறோம்."
அவருக்கு மட்டும் இசை வைக்கவில்லை நாங்கள்.
அம்மணமாகத் தெரியட்டும் என்று விட்டோம்.
நேர்மையாகத் தெரிந்தார்.

நாற்காலி மடக்கும்போது குன்வோர் சொன்னாள்:
"அந்தக் குழாய் எனக்குத் தெரியும்.
இருபது வருஷம் அதற்கு மேலேதான் படகு ஓட்டினேன்.
உன் படத்தில் பார்த்ததும்
அப்படி ஒரு குழாய் உண்டா என்றே
சந்தேகம் வந்துவிட்டது."

அன்றிரவு ஒலித்தடங்களை ஒவ்வொன்றாக அணைத்தேன்.
குரல் போனது. வயலின் போனது.
காற்று இருந்தது. ஒரு படகின் இருமல்.
பதினோராம் நிமிடம் நாற்பதாவது நொடியில்
ஒன்றுமே இல்லை.
தேதி பொருந்தாத ஒரு கடிதம்.
அதன் மறுபக்கத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

என் கைக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.
எங்கெங்கே ஆதாரம் மெலிந்ததோ
அங்கெல்லாம் போய் முரசைத் தடித்திருக்கிறது.
சிரித்தவர்களின் காதில் பழுதில்லை.
ஆனால் பதினோராம் நிமிடத்துக்காக
இருபத்தாறாம் நிமிடத்தையும் கொட்டிவிட்டார்கள்:
ஊட்வாரின் நோட்டுப் புத்தகம்.
பத்தொன்பது வருஷத்து எடைகள், பென்சிலில்,
நடுவில் ஒரு பெயரடைகூட இல்லாமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனை
உலகம் பார்த்திருக்கிறது.
ஒரு பருக்கை நிஜச் சோற்றைக் காட்டுவதற்குப்
பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்தவன் நான்.

ஏப்ரலில் மறுபடி திரையிட்டோம்.
முப்பத்தொரு நிமிடம். கடிதம் இல்லை. பெர்கன் இல்லை.
ஊட்வார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
நோட்டைப் படிக்கிறார்.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
முந்நூற்று எழுபது.
இருநூற்று ஆறு.
பக்கம் திருப்ப விரலை நக்குகிறார்.
தொண்ணூற்று நான்கு.

வந்தவர்கள் ஒன்பது பேர்.
யாரும் சிரிக்கவில்லை.
புகைக்கப் போன இருவர் திரும்பவில்லை.
குன்வோர் மட்டும்
எண்களைக் காபிக் கோப்பையின் அட்டையில்
குறித்துக்கொண்டிருந்தாள்.

"கதை எப்போது தொடங்கும்?" என்று
ஒரு பையன் தன் அப்பாவிடம் கேட்டான்,
மெதுவாகத்தான்.

இருட்டில் என் விரல்
இல்லாத பொத்தானை நோக்கி
நகர்ந்தது.